இருட்டுத் தொட்டிக்குள் என் கை

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பெண்டாங்கில், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும் வயல் சேற்றில், அரிசி ஆலைக்குத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தியவன் நான். அந்த இடத்தில் எதுவும் நிற்காது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தொட்டி இன்றைக்கும் நிற்கிறது. இன்ஜினியர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கோத்தா கோலா மூடாவில் இறால் குஞ்சு வளர்க்கும் ஃபைபர் தொட்டிகள் இருபத்திரண்டு. சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறி வந்த நாளில் பண்ணையின் கூரை போயிற்று, வேலி போயிற்று, பம்பு போயிற்று. என் தொட்டிகளில் இரண்டுதான் இடம் மாறின. அவையும் உடையவில்லை, தென்னந்தோப்புக்குள் முழுசாகக் கிடந்தன, துடைத்து எடுத்து வந்து மறுபடி தண்ணீர் விட்டோம். செமிலிங்கில் கோயிலுக்கு மேல்நிலைத் தொட்டி. ரப்பர்த் தோட்டங்களில் மரப்பால் ஊற்றி வைக்கும் ஸ்டோர் தொட்டிகள் எத்தனை என்று எனக்கே மறந்துவிட்டது.

இதெல்லாம் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன் செய்தது. நான்காம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் என் கையில் பால் வாளி இருந்தது. லைசென்ஸ் கேட்டு நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஃபைபர் வேலையை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பினாங்கில் படகு கட்டும் சீனர் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், அவர்கள் பசை கலக்குவதைப் பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டு வந்த வித்தை அது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்கிறேன். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதிலிருந்து வெளியே வரும் ஒன்றைப் பிடிப்பதற்காக, வெளிநாட்டுக் கடல் ஒன்றின் அடியில் கண்ணாடி உருண்டைகளைச் சரம் சரமாகக் கட்டி இறக்குகிறார்கள். அதில் ஓர் உருண்டை கெடாவிலிருந்து போனது. அந்த உருண்டையின் கண் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்தது என் தொட்டியில். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எழுத வேண்டியவர்களே எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை, ஒரு பெண்மணி தானே காடி ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி உடனே முழங்காலைத் தடவிக் காட்டி, ராத்திரி எப்படி வலிக்கிறது, மாடிப்படி எப்படி ஏற முடியவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, நான் அந்த டாக்டர் இல்ல. கல்லூரில பாடம் எடுக்கிறேன். பிசிக்ஸ்.”

“அப்போ முட்டிக்கு ஒன்னும் தெரியாதா?” என்றாள் மனைவி.

“தெரியாது அக்கா.”

“சரி, தண்ணியக் குடிங்க,” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த டாக்டர் எந்தக் கல்லூரி என்று நான் எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா ஒரு காலத்தில் தோட்டங்களில் பெரிய கிராணியாக இருந்தவராம். எங்கள் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பெண். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் நம் ஊர்த் தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வாயில் யாழ்ப்பாணம் வந்துவிடும். அதைப் பின்னால் நானே நிறையக் கேட்டேன்.

“உள்ளுக்குள்ள முழுக்கக் கறுப்பா ஒரு தொட்டி வேணும் அங்கிள். நாலு மீட்டர் உயரம். மூடினா ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ள போகக் கூடாது.”

“என்ன மீன் டாக்டர் வளக்கப் போறீங்க, இருட்டுல?”

அவர் சிரிக்கவில்லை. என் மேசையில் கிடந்த சிமெண்டுப் பைக் காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்தால் வெளிச்சம் மட்டும் வருவதில்லையாம். நியூட்ரினோ என்று ஒன்று வருமாம். எடை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்னது. சுவர், மலை, பூமி, எது குறுக்கே இருந்தாலும் நிற்காமல் அடுத்த பக்கம் போய்விடும்.

“இப்போ பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க உடம்புக்குள்ள கோடிக்கணக்கா போகுது அங்கிள்.”

“எனக்கு ஒன்னும் தெரியலையே.”

“யாருக்கும் தெரியாது. அதான் பிரச்சினை. அதுவும் சூரியன்ல இருந்து வர்றதுதான் அதிகம். எங்களுக்கு வேணுங்கிறது வெடிச்ச நட்சத்திரத்துல இருந்து பெரிய சக்தியோட வர்றது. ரொம்ப அபூர்வம். எப்பவாவது ஒன்னு தண்ணில மோதும். மோதினா நீலமா ஒரு வெளிச்சம் கோடு மாதிரி ஓடி அணைஞ்சிரும். அந்தக் கோட்டப் பாக்கத்தான் இந்த உருண்டை.”

“அப்போ கடல்லயே போட்டுப் பாக்கலாமே?”

“போட்டா திரும்ப எடுக்க முடியாது. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழம். அதனாலதான் முதல்ல இருட்டுத் தண்ணில வச்சு, நாங்களே ஒரு நீல விளக்கச் சிமிட்டி, கண்ணு நல்லாத் தெரியுதான்னு பாக்கணும். சிமிட்டுன வெளிச்சம் ஒரு தடவ தெரியணும். அப்புறம் இருட்டாயிடணும். சுவருல பட்ட வெளிச்சத்தக் கறுப்பு முழுங்கிடணும்.”

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. நட்சத்திரம் புரியவில்லை, கறுப்பு முழுங்க வேண்டும் என்பது புரிந்தது. சுங்கைப்பட்டாணியில் இரண்டு கம்பெனிகள் முடியாது என்று சொல்லிவிட்ட பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார் என்றும் தெரிந்தது. முடியாது என்று நாலு பேர் சொன்ன வேலை என்றால் எனக்குக் கை ஊறும். சரி என்றேன்.

என் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

நான் முதல் முதலாகத் தனியாக நின்று கட்டிய தொட்டி ஒரு தோட்டத்துக்காக. கட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, திறப்பு விழா வைத்தார்கள். பலகையில் மேனேஜர் பெயர் இருந்தது, கிராணி பெயர் இருந்தது, ரிப்பன் வெட்ட வந்தவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. எனக்குக் கொஞ்சம் பின்னால் நின்று கைதட்டச் சொன்னார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நான் கட்டிய ஒவ்வொரு தொட்டியிலும், உள்சுவரில், அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், வலது கையை அரைத்த மஞ்சளில் தோய்த்து ஒரு தடவை பதித்துவிடுவேன். மேலே தெளிந்த பசை ஒரு பூச்சு. தண்ணீரில் கரையாது, அழியாது. பூசை என்றால் பூசை, கையெழுத்து என்றால் கையெழுத்து. மஞ்சள் அரைத்துக் கொடுப்பது என் மனைவி. கடைத் தூள் கூடாது. கிழங்கை இழைத்துத்தான் தருவாள்.

கல்லூரிக் கொட்டகையில் கட்டிய டாக்டரின் தொட்டியிலும் பதித்தேன். அடியில், உருண்டையைத் தாங்கும் இரும்பு வளையத்துக்குக் கீழே, தரையோடு ஒட்டி. பிறகு உள்பக்கம் முழுவதும் கறுப்புப் பூச வேண்டும். கறுப்புப் பிடிப்பதற்காகச் சுவரைச் சுற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. என் கை பதிந்த இடத்தை மட்டும் தேய்க்கவில்லை. தேய்த்தால் கை அழிந்துவிடும். அப்படியே கறுப்பை மேலே இழுத்துவிட்டேன்.

பூசி முடித்து உள்ளே நின்று பார்த்தபோது என் காலே எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு மாதம் டாக்டர் என்னைப் பாராட்டாத நாள் இல்லை. விளக்கு ஒரு தடவை சிமிட்டுகிறது, கண் ஒரு தடவை பார்க்கிறது, பிறகு இருட்டு. கணினியில் கோடு போட்டுக் காட்டினார். ஒரே ஒரு குச்சி நின்றது, இரண்டு பக்கமும் தரை மாதிரி வெறுமை. “பாருங்க அங்கிள், எவ்வளவு சுத்தம்!” வெளிநாட்டில் இருந்து வந்த இரண்டு பேர் தொட்டியைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் அந்தப் படத்தை என் கைப்பேசியில் வாங்கி ஊரெல்லாம் காட்டினேன்.

மூன்றாம் மாதம் ஆரம்பித்தது தலைவலி.

விளக்கு ஒரு தடவை சிமிட்டினால் ஒரு குச்சி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் பிந்தி, குட்டியாக இன்னொன்று. வாரத்துக்கு வாரம் அந்தக் குட்டி வளர்ந்தது. டாக்டர் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். வடிகட்டியை மாற்றினார்கள். பிறகு விளக்கைச் சந்தேகப்பட்டார். விளக்கைக் கழற்றிக் கோலாலம்பூருக்கு அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்து திரும்ப வாங்கினார்கள். பிறகு உருண்டையின் கண்ணாடியை. அதையும் மாற்றியாயிற்று. மேலே இருந்து காமிரா இறக்கியும் பார்த்தார்கள். குட்டிக் குச்சி போகவில்லை. நிறம் பிரித்துக் காட்டும் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

“நீலமா அனுப்புறோம். பச்சையும் மஞ்சளுமா கலந்து திரும்பி வருது. உள்ள ஏதோ ஒன்னு நீலத்தத் தின்னுட்டு வேற நிறத்துல துப்புது. அங்கிள், என்ன பெயிண்ட் போட்டீங்க?”

எனக்குக் கோபம் எங்கேயோ ஏறிவிட்டது.

“நீங்க குடுத்த பெயிண்ட்தான் டாக்டர். டின்னுகூட இன்னும் என் பட்டறைல இருக்கு. கொண்டாரட்டுமா?”

“கொண்டாங்க.”

கொண்டு போனேன். ஃபைபர் துண்டு ஒன்றில் அதே கறுப்பைப் பூசி, பெட்டிக்குள் வைத்து விளக்கைச் சிமிட்டிப் பார்த்தார்கள். சுத்தம். ஒன்றுமே திரும்பவில்லை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“பாத்தீங்களா? என் பெயிண்டுல குத்தம் சொன்னீங்க.”

“சரி அங்கிள், மன்னிச்சிருங்க. ஆனா உள்ள கறுப்ப விட்டா வேற ஏதாச்சும் இருக்கா? காகிதம், டேப்பு, எதையாச்சும் ஒட்டி விட்டீங்களா?”

“சத்தியமா ஒன்னும் இல்ல. என் தொட்டிக்குள்ள கறுப்பத் தவிர எதுவும் கிடையாது.”

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நம்ப வேண்டும். அந்த நிமிஷம் என் கை என் நினைவுக்கே வரவில்லை. காகிதம், டேப்பு என்றார், அதெல்லாம் இல்லைதானே. கை பதிப்பதை நான் ஒரு பொருளாக எண்ணியதே இல்லை. அதே வாரம் வடிகட்டியில் நகக்கண் அளவுக்குக் கறுப்புச் செதில் ஒன்று சிக்கியிருந்தது. டாக்டர் அதை விரல் நுனியில் வைத்துக் காட்டி, “இது பெயிண்டா அங்கிள்?” என்று கேட்டபோதுகூட, “உங்க பைப்புல இருந்து வந்த துரு டாக்டர்,” என்றேன். அது துரு இல்லை என்று என் உள்மனதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது வருடமாகப் பெயிண்டைப் பார்த்தவன் நான். ஆனால் என் பூச்சு உரியும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

தொட்டியைக் காலி பண்ணிப் பார்த்தால் தீர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதில்தான் சிக்கல். அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லை. வடிகட்டி வடிகட்டி, தூசி தும்பு இல்லாமல் செய்து, நிரப்பி, அடங்கவிட்டு எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வெளிநாட்டுக்காரர்கள் தேதி வைத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்குள் சோதனைத் தாள் போகாவிட்டால் கடலில் இறங்கும் சரத்தில் கெடா உருண்டைக்கு இடமில்லை. வேறு நாட்டு உருண்டை போகும். டாக்டருக்கு அது ஆறு வருட உழைப்பு. காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவார்கள்? தொட்டி சரியில்லை என்று எழுதுவார்கள். என் தொட்டி சரியில்லை என்று எழுதிய தாள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த நாட்களில் நான் ஒட்டுக்கடைப் பக்கமே போகாமல் இருந்திருக்க வேண்டும். பீடோங்கில் நான் வழக்கமாகத் தேத்தண்ணீர் குடிக்கும் கடை. என் வயதுக்காரர் ஒருவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எனக்காகவே காத்திருப்பார்.

“எழுந்து நில்லுங்கலா எல்லாரும்! நட்சத்திரத்துக்குத் தொட்டி கட்டுனவரு வராரு.”

“உன் வேலயப் பாருலா.”

“இல்லண்ணே, ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு நாளாச்சே, ஒன்னாவது மாட்டுச்சா?”

“இது பிடிக்கிற தொட்டி இல்ல. கண்ணு டெஸ்ட் பண்ற தொட்டி.”

“அப்போ நட்சத்திரத்துக்குக் கண்ணாடி போடப் போறீங்களா?”

கடை முழுக்கச் சிரித்தது. தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மனுஷன் ஒன்றைக் கட்டினால் அதில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று எவனும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இதில் கட்டியது தெரியாது, பார்ப்பது தெரியாது, தேடுவது கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு நொடிக் கோடு. எந்த முட்டாள்தனத்தில் கை கொடுத்தேன் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கோத்தா கோலா மூடாவில் இருந்து இறால் பண்ணை முதலாளி, தவுக்கே, போனில் கூப்பிட்டார். நான் கட்டிய தொட்டி ஒன்றில் தண்ணீர் குறைகிறதாம். எங்கே வெடிப்பு என்று தெரியவில்லை. என்னிடம் இதற்கு ஒரு வழி உண்டு. தண்ணீரில் ஒரு பச்சைச் சாயத்தைக் கலந்துவிட்டு, வெளியே இருந்து ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பேன். எங்கே கசிகிறதோ அங்கே சாயம் மின்மினி மாதிரி ஒளிரும். அப்படிப் பார்த்ததில் வெடிப்பு அடிவிளிம்பில் இருந்தது. தண்ணீரை இறக்கிவிட்டு, தொட்டியைக் கழுவி, நான் உள்ளே இறங்கினேன். பகல்தான், ஆனால் கூரைக்குக் கீழே, மூடி பாதி போட்ட தொட்டிக்குள் அரை இருட்டு. வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்க்க ஊதா டார்ச்சைத் தரையோரமாகப் பிடித்தேன்.

என் கை என்னைப் பார்த்தது.

முப்பது வருடத்துக்கு முன்பு நான் பதித்த கை. ஐந்து விரலும், கட்டைவிரலில் பழைய வெட்டுக்காயத் தழும்பும் சேர்த்து, பச்சையும் மஞ்சளுமாகப் பளீரென்று எரிந்தது. டார்ச்சை நகர்த்தினால் அணைந்தது. திரும்ப அடித்தால் எரிந்தது. சாயம் ஒட்டியிருக்குமோ என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலே பசை வழவழவென்று இருந்தது. உள்ளே மஞ்சள்தான். நீலத்தைத் தின்றுவிட்டு வேறு நிறத்தில் துப்புகிறது என்று டாக்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். தவுக்கே மேலே இருந்து எட்டிப் பார்த்து, “அண்ணே, ஓக்கேயா? மயக்கமா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உட்கார்ந்தபடியே எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஓர் இடத்தை மட்டும் நான் தேய்க்கவில்லை. வழவழப்பான பசைமேல் கறுப்பு எப்படிப் பிடிக்கும்? இரண்டு மாதம் தண்ணீரில் ஊறி, உப்பி, செதில் செதிலாக உரிந்திருக்கிறது. வாரத்துக்கு வாரம் குட்டிக் குச்சி வளர்ந்தது, வாரத்துக்கு வாரம் என் விரல் ஒவ்வொன்றாக வெளியே வந்ததால். இரும்பு வளையத்துக்குக் கீழே இருப்பதால் மேலே இருந்து இறக்கிய காமிராவுக்கும் தெரியவில்லை. பெயிண்ட் வேலைக்கு வந்த முதல் நாள் ஆளுக்குக்கூடத் தெரியும், தேய்க்காத இடத்தில் பூசக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. சொன்னால் தப்பு என்னுடையது என்று ஆகும். சத்தியம் வேறு செய்திருக்கிறேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. என்றைக்கோ தொட்டியைக் காலி பண்ணும்போது நான்தானே பண்ணப் போகிறேன், சத்தமில்லாமல் சுரண்டிவிடலாம். ஆனால் அதற்குள் தேதி போய்விடும். டாக்டரின் உருண்டை கொட்டகை மூலையில் கிடக்கும்.

மனைவிதான் வாயைப் பிடுங்கினாள்.

“என்ன, மூணு நாளா சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வைக்கிறீங்க? அந்த நட்சத்திரக்காரி திட்டிட்டாளா?”

சொன்னேன். அவள் அம்மிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த மஞ்ச நான் அரைச்சுக் குடுத்தது.”

“அதுக்கு இப்ப என்ன?”

“நல்ல கிழங்கு. அதான் இன்னும் பளபளன்னு இருக்கு. போயி சொல்லிட்டு வாங்க. அந்தப் பொண்ணு என்ன, உங்களத் தின்னுடவா போகுது?”

தின்னத்தான் பார்த்தார். கொட்டகையில் அவர் முன்னால் நின்று முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உங்களுக்கு என்ன விசரே அங்கிள்? நான் எத்தினை தரம் கேட்டனான்? உள்ளுக்கை வேற ஒண்டும் இல்லையெண்டு சத்தியம் பண்ணினீங்களே!”

“பண்ணினேன்.”

“நாலு மாசம் போச்சுது! விளக்கைக் கழட்டி, கண்ணாடியைக் கழட்டி... நாலு மாசம்!”

“தொட்டியக் காலி பண்ணுங்க டாக்டர். நானே எறங்குறேன்.”

“காலி பண்ணினா திரும்ப நிரப்ப நாள் காணாது.”

“காணும். மூணு வடிகட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டுனா பாதி நாள்ல நிரப்பலாம். இறால் பண்ணைல நான் அப்படித்தான் பண்றேன். மத்த ரெண்டு வடிகட்டிக்கும் கூடு நான் செஞ்சு தரேன்.”

அவர் காலண்டரில் நாள் எண்ணிப் பார்த்தார். பிறகு வடிகுழாயைத் திறக்கச் சொன்னார்.

நான் இறங்கியபோது எழுபத்தோரு வயது. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றுவிட்டேன். வளையத்துக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்து ஊதா டார்ச் அடித்தேன். கட்டைவிரலும் இரண்டு விரலும் முழுசாக வெளியே வந்திருந்தன. மேலே நின்ற டாக்டர், வளையத்துக்குக் கீழிருந்து பரவிய ஒளியைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயோ, எவ்வளவு வெளிச்சம்!” என்றார். கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது அவருக்கு. எனக்கு வரவில்லை. உளி வைத்து என் கையை நானே சுரண்டினேன். சுண்டுவிரலில் ஆரம்பித்து உள்ளங்கையில் முடித்தேன். அந்த முதல் தொட்டிக்குப் பிறகு கட்டியதில் என் கை இல்லாத தொட்டி அது ஒன்றுதான். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, கறுப்பைப் பூசினேன். இரண்டு பூச்சு. ஊதா டார்ச் அடித்தேன். ஒன்றுமில்லை.

மூன்று வடிகட்டி வைத்து ஓட்டினோம். தேதிக்கு நான்கு நாள் முன்னால் தண்ணீர் தயார். விளக்கைச் சிமிட்டினார்கள். ஒரே குச்சி. பக்கத்தில் தரை மாதிரி வெறுமை. டாக்டர் திரும்பி என்னைப் பார்த்து, “ஓம் அங்கிள், ஓம்,” என்று மட்டும் சொன்னார்.

உருண்டை போயிற்று. கடலில் இறங்கிவிட்டது என்று படம் வந்தது. இதுவரை நட்சத்திரம் எதையும் பார்த்ததா என்று கேட்டால், பொறுங்கள் அங்கிள், பத்து வருடம்கூட ஆகலாம் என்கிறார்கள். எனக்குப் பத்து வருடம் கையில் இல்லை. அது போகட்டும்.

போன மாதம் டாக்டர் ஆராய்ச்சித் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கம் பாதிக்குப் பெயர்கள். வெள்ளைக்காரர், ஜப்பான்காரர், கோலாலம்பூரில் விளக்கைப் பழுது பார்த்தவர்கூட. தொட்டியைப் பற்றி ஒரு பக்கம். அதில் சுவரில் மஞ்சள் கறை ஒன்று இருந்ததும் அதை அகற்றியதும் இரண்டு வரி. யார் கண்டது, யார் அகற்றியது என்று இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், உள்ளூர்ப் பட்டறை ஒன்றுக்கு நன்றி.

“உள்ளூர்னா எந்த ஊரு டாக்டர்?”

“அங்கிள், பேர் போட ஒரு ரூல் இருக்கு. கணக்குப் பாத்தவங்க, எழுதினவங்க பேருதான் மேல வரும்.”

“மேல வேணாம். கீழ நன்றியில என் பேரு எங்க?”

“உங்க பேரப் போட்டா அந்த மஞ்சள் கை எப்படி அங்க வந்துச்சுன்னும் எழுதணும். எல்லாரும் படிக்கிற தாளு. உங்கள ஏன் அசிங்கப்படுத்தணும்னுதான் பொதுவா போட்டோம். உங்க மரியாதைக்குத்தான்.”

என் மரியாதைக்கு! அன்றைக்குத் தோட்டத்துப் பலகையில் என் பெயரை விட்டவர்கள்கூட என் மரியாதைக்கு என்று சொல்லவில்லை. நான் வாய் திறப்பதற்குள் உள்ளே இருந்து என் மனைவி குரல் வந்தது: “அவரு பேரப் போட்டா, மஞ்ச அரைச்சவ பேரையும் போடுங்க!”

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. தாளில் திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் எல்லாருடைய சம்மதமும் வாங்க வேண்டும் என்றார். வாங்குங்கள் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கிறேன் அங்கிள், கேட்டிருக்கிறேன் அங்கிள் என்றுதான் பதில் வருகிறது.

அதனால் இங்கே எழுதுகிறேன், அந்தத் தாளில் பெயர் உள்ள எல்லாரும் கேட்கும்படியாக. இருட்டுத் தொட்டியைக் கட்டியவன் நான் என்று போடுங்கள். அதற்குள் மஞ்சள் கையைப் பதித்து, தேய்க்காமல் பூசி, உங்கள் நாலு மாதத்தைக் கெடுத்தவனும் நான்தான் என்று அடுத்த வரியில் போடுங்கள். அதை எனக்குத் தாங்கத் தெரியும். அந்தக் கறை என்னவென்று கண்டுபிடித்தது கோத்தா கோலா மூடாவில் ஓர் இறால் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த நான் என்றும், வந்து சொன்னவன் நான் என்றும், உளி வைத்துச் சுரண்டியவன் நான் என்றும் போடுங்கள். மஞ்சள் அரைத்தவள் பெயரை நான் எழுதித் தருகிறேன். எல்லாத் தொட்டியிலும் என் கை இருக்கிறது; உங்களுக்காகத்தான் ஒன்றில் எடுத்தேன். எடுத்த இடத்துக்குப் பதிலாக என் பெயர் அந்தத் தாளில் வர வேண்டும். வராதவரை நான் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பேன்.